ஓ.பி. சீட்டில் இடமில்லாத கசாயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மூலிகை மருந்துகளில் பயிற்சி தர வேண்டுமா, வேண்டாமா என்று வாசகர் கடிதங்களில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சாரார் முன்னோர் பெருமை பேசுகிறார்கள், இன்னொரு சாரார் நிரூபணம் கேட்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். இவர்கள் சண்டை முடிவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய், இங்கிலீஷ் மாத்திரையையும் கசாயத்தையும் ஒன்றாகச் சாப்பிட்டு முடித்திருப்பார். பயிற்சி தேவைப்படுவது அதனால்தான்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து வருஷமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, அதோடு சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறாள். ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டு விடவில்லை. அதிமதுரத்தைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் காலையும் மாலையும் குடித்தாள். தொண்டை சரியானது. இதமாக இருக்கிறதே என்று இரண்டு மாதம் விடாமல் குடித்தாள். கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது. பிரஷர் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனையில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், மறுமுறையும் கூட்டினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் தரைதட்டிய பிறகுதான் வார்டில் சேர்த்தார்கள்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று மூன்று மருத்துவர்கள் கேட்டார்கள். மூன்று பேரிடமும் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதிமதுரம் அவளுக்கு மருந்து கிடையாது, சுக்கு, மிளகு மாதிரி அடுக்களைச் சாமான். கடைசியில் ஊசி போட வந்த பயிற்சிச் செவிலியர், சின்னப் பெண், போகிற போக்கில் கேட்டார்: "காலைல எந்திரிச்சதும் என்னம்மா குடிப்பீங்க?"

"அதிமதுரக் கசாயம். தம்பிதான் வாங்கித் தந்தான்."

தம்பி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கிக் கொடுத்தவன் நான்.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது அதிலுள்ள கிளைசிரைசின் என்ற பொருள். அளவு மீறி, நாள் கணக்கில் உள்ளே போனால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். பல நீர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவைதான். இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? கசாயத்தை நிறுத்திய சில வாரங்களில் அக்கா பழையபடி ஆனாள்.

எனக்கு உறுத்துவது வேறு. மருந்தாளுநர் படிப்பான டி.பார்ம் முதல் வருஷத்தில் நான் அதிமதுரம் படித்திருக்கிறேன். தூளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, நார்களை ஒட்டி வரிசையாக நிற்கும் படிகங்களைப் படம் வரைந்து கையெழுத்து வாங்கியிருக்கிறேன். தாவரவியல் பெயரை இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தினமும் குடித்தால் என்ன ஆகும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூலிகை என்று நமக்குக் கற்றுத் தந்ததெல்லாம் இந்த லட்சணத்தில்தான்: செடி தெரியும், அதைக் குடிக்கிற ஆளைத் தெரியாது.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வருஷப் பயிற்சிக் காலத்தில் ஒரு வாரம் இந்திய மருத்துவ முறைகளில் ஏதாவது ஒன்றில் போய் இருக்கலாம். ஒரு வாரத்தில் என்ன கற்பது? சித்தா பிரிவு எங்கே இருக்கிறது, டீ எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதற்குள் வாரம் முடிந்துவிடும். எங்கள் நிலையத்திலும் சித்தா பிரிவு ஒரே கூரையின் கீழ்தான் இருந்தது. ஆனால் சீட்டு தனி, பதிவேடு தனி. பக்கத்து அறையில் கொடுத்த சூரணம் எதுவென்று என் ஜன்னலுக்குத் தெரியாது. நான் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அந்த அறைக்குத் தெரியாது.

என்ன கற்றுத்தர வேண்டும் என்பதற்குக் கீழாநெல்லி ஒன்றே போதும். மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களில் கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்கும் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது அது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் வரவில்லை. ஊரில் அடிக்கடி வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலையோ பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். வகுப்பில் இந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். பாதிக் கதையை வைத்துக்கொண்டுதான் இரண்டு தரப்பும் கத்துகின்றன.

சரி, யாருக்கு முதலில்? எல்லோரும் மருத்துவர்களிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள், இவர்களிலிருந்து தொடங்கலாம். அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்க்கிறவர்கள் அவர்கள்தான். 'மருந்து சாப்பிடுகிறீர்களா' என்ற கேள்வியை 'காலையில் என்ன குடிப்பீர்கள், நாட்டு மருந்துக் கடைக்குப் போனீர்களா' என்று மாற்றிக் கேட்கப் பழக்க வேண்டும். பதிலை எழுத ஓ.பி. சீட்டில் ஒரு வரி வேண்டும்.

வகுப்பு எடுக்க வெளியூரிலிருந்து யாரையும் அழைக்க வேண்டாம். பக்கத்து அறைச் சித்த மருத்துவர் ஐந்தரை வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறார். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, நீரை நாலில் ஒன்றாக வற்ற வைக்க வேண்டும், எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்று அவர் சொல்வார். வீட்டில் நிலவேம்புப் பொடியை வெந்நீரில் கலக்கி மாதக்கணக்கில் குடிப்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் அப்போது புரியும். அக்கா விஷயத்திலும் தப்பு சித்த மருத்துவத்தின் மேல் இல்லை. எந்தச் சித்த மருத்துவரும் அவளைப் பார்க்கவே இல்லையே. அதேபோல் சித்த மருத்துவர்களும் இந்தப் பக்கம் வந்து பொது மருத்துவ வார்டில் சில மாதம் நிற்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்கப் புத்தகம் மட்டும் போதாது. இதைச் சொன்னால் சில சித்த மருத்துவ நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

மூலிகை மருந்தால் ஏற்படும் பாதிப்பைத் தெரிவிக்க ஏற்பாடே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அந்த வேலையைப் பார்க்கிறது. அதற்கான படிவத்தை என் பணிக்காலத்தில் ஒருமுறைகூட நான் கையில் எடுத்ததில்லை. அந்தப் படிவத்தை நிரப்பப் பழக்குவதும் பயிற்சிதான்.

கடைசியாக, பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை. சேராங்கொட்டை, எட்டி, நாவி போன்ற நச்சுச் சரக்குகள் சேர்ந்த உள்மருந்துகளின் லேபிளில் 'மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும்' என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்று மருந்து விதிகள் சொல்கின்றன. எந்த மொழியில் தெரியுமா? ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழில் எழுதிய மருந்தை, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் வாங்கும் கடையில், எச்சரிக்கை மட்டும் அவருக்குப் புரியாத மொழியில் இருக்கிறது. அதன் கீழே தமிழில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி மாநில உரிமம் வழங்கும் அதிகாரிகள் இந்த மாதமே உற்பத்தியாளர்களைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தென்காசி.