மாமா கையெழுத்தில் வந்த பட்டியல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

ரங்கூனில் நாங்கள் நலம். அக்கா குழந்தைக்குக் காளி கோயிலில் காது குத்தியாயிற்று. அம்மாவின் மூட்டுவலி பழையபடிதான் இருக்கிறது. பஸ்ஸில் கொடுத்தனுப்பிய, புதுக் கணினிக்கு வேண்டிய சாமான்களின் பட்டியல் கிடைத்தது. அது மாமாவின் கையெழுத்தில் இருந்தது.

மூன்று நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். விளையாட்டுக் கணினி என்றதும் கண்டதற்கெல்லாம் ஆசைப்படாமல், ரைசன் 5 7600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்று அளவோடு நிறுத்தியிருப்பதைப் பார்த்து, காசின் அருமை தெரிந்த பிள்ளை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பிராசஸர் 65 வாட் வகை, கிராபிக்ஸ் கார்டு 115 வாட் வகை. நீ இருக்கும் மாண்டலேயின் சித்திரை வெயிலுக்கு அந்த அடக்கம் வேண்டியதுதான். ஆனால் பி650 மதர்போர்டுக்கு டிடிஆர்4 ராம் என்று எழுதியிருக்கிறது. அது அந்த இடத்தில் உட்காரவே உட்காராது, டிடிஆர்5 தான் பொருந்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். போதாததற்கு 32 ஜிபியும் ஒரே துண்டாக இருக்கிறது. 16 ஜிபி துண்டுகள் இரண்டாகப் போட்டால்தானே வேகம் கிடைக்கும்? இவை நீ செய்யக்கூடிய பிழைகளா? நீ அவசரத்தில் சொல்லியிருப்பாய், மாமா தவறாகக் குறித்திருப்பார் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பவர் சப்ளை வரியில் "500 வாட், எதுவானாலும்" என்று கண்டிருக்கிறது. எதுவானாலும் என்பது வேண்டாம். 4060 கார்டுக்கு 550 வாட் வேண்டும் என்று அதைச் செய்யும் என்விடியாவே சொல்கிறது. கரண்டு போய் யூபிஎஸ் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில மில்லி விநாடி நேரத்தில் கணினியைத் தாங்கிப் பிடிப்பது பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கபாசிட்டர் ஒன்றுதான். அதைச் சிறியதாகப் போட்டு ஏமாற்றியிருந்தால், யூபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துபோகும். கையில் தூக்கிப் பார்த்து வாங்கு. கனமில்லாததைத் தொடாதே. மறுபடியும் சொல்கிறேன், பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதே.

2013-இல் எரிந்துபோன உன் முதல் கணினியை நீ மறந்திருக்க மாட்டாய். விடிய விடிய விளையாடி எரித்துவிட்டாய் என்று, அம்மா தடுத்தும் கேட்காமல், உன்னைக் கை நீட்டி அடித்தேன். மறுநாள் கடையில் தனியாக அந்தப் பெட்டியைப் பிரித்தேன். மேலே 500 வாட் என்று ஒட்டியிருந்தது. உள்ளே மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டும் சுருள் இருக்கவேண்டிய துளைகளில் வெறும் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். கபாசிட்டர்களின் தலை வயிறு போல உப்பியிருந்தது. அதை விலை குறைவு என்று வாங்கி வந்தவன் நான். முப்பது வருடம் ரேடியோ பழுதுபார்த்த கை, எடுத்த உடனேயே அதன் எடை பொய் என்று உணர்ந்தும் வாங்கியது. இத்தனை வருடத்தில் அதை உன்னிடம் சொல்லவில்லை. அடுத்த வருடமே நீ மாமா வீட்டுக்குப் போய்விட்டாய். அம்மா காரணம் கேட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது நீ விடிய விடிய விளையாடு. மாமா வீட்டு மாடியிலேயே இரு. கடைத்தெருவுக்கு மாமா போகட்டும், சாமான்களை அவரே வாங்கி வரட்டும், பூட்டுவதை மட்டும் நீ செய். உனக்கு 36 வயது நிறைந்து, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வயது தாண்ட இன்னும் எத்தனை மாதம் என்று அம்மா காலண்டரில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். தட்டோன் அத்தை வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

பணம் தயாராக இருக்கிறது. திருத்திய பட்டியல் வந்த பிறகுதான் அனுப்புவேன். அதை மாமா எழுத வேண்டாம், நீயே உன் கையால் எழுது. 4060 என்னும்போது அந்த நான்கை மாமா தலை மூடித்தான் எழுதுவார். நீ சின்ன வயதிலிருந்தே தலை திறந்து எழுதுகிறவன்.

அப்பா