பால் கூடாது, சரி. வேறு எதைத் தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகனுக்கு இப்போது 14 மாதம். ஆறரை மாதத்தில் முதன்முதலாக ஒரு வாய் தயிர்சாதம் ஊட்டினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, வாயைச் சுற்றித் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கி, வாந்தி எடுத்துவிட்டான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பரிசோதித்துவிட்டு, பசும்பாலில் உள்ள புரதம் இவனுக்கு ஒவ்வாமை என்றார்கள். அங்கே கொடுத்த தாளில் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பனீர், பால் பிஸ்கட் என்று கொடுக்கக் கூடாதவை எல்லாம் வரிசையாக இருந்தன. கொடுக்கக் கூடியவை என்று ஒரு வரிகூட இல்லை. அந்த இல்லாத வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"பால் இல்லாம பிள்ளைக்கு எலும்பு எப்படிம்மா வளரும்?" என்று கேட்காதவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆசையாக ஆட்டுப்பால் கொண்டுவந்தார். ஆட்டுப்பால், எருமைப்பால் புரதமும் ஏறக்குறைய பசும்பால் மாதிரியே இருப்பதால், பசும்பால் ஒத்துக்கொள்ளாத பெரும்பாலான குழந்தைகளுக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. நல்லவேளை, பயத்தில் நான் கொடுக்கவில்லை. ஆனால் எட்டாம் மாதத்தில் என் மாமியார் யாருக்கும் தெரியாமல் விரல் நுனியில் வெண்ணெய் எடுத்து அவன் நாக்கில் தடவிவிட்டார். அன்று ராத்திரி மறுபடியும் ஆஸ்பத்திரி. "எலும்பு பலமில்லாமப் போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்று அவர் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பயத்துக்கு முதல் நாளே யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பதில் எங்கள் ஊர்க் காட்டிலேயே விளைந்து நின்றது. நான் இருப்பது பென்னாகரம் பக்கம். எங்களுக்குக் கேழ்வரகுக் களிதான் சோறு. இரண்டாவது முறை பார்த்த இடத்தில் இருந்த உணவு ஆலோசகர் பொறுமையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கால்சியம், அதற்குப் பிறகு மூன்று வயதுவரை 500 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. குழந்தை 100 கிராம் மாவு சாப்பிடாது, 30 கிராம் சாப்பிட்டாலே 100 மில்லிகிராமைத் தாண்டும். அதில் உடம்பில் சேர்வது ஒரு பங்குதான். அந்தப் பங்கைக் கூட்டத்தான் ஊறவைத்து முளைகட்டச் சொன்னார்.

இதில் நாங்கள் ஒரு தவறு செய்துகொண்டிருந்தோம். ஊறவைத்து அரைத்த கேழ்வரகை வெள்ளைத் துணியில் மூன்று முறை வடிகட்டி, பால் மாதிரி வெளுப்பாக எடுத்துத்தான் காய்ச்சினோம். ஆனால் கேழ்வரகின் கால்சியம் அதிகமாக இருப்பது மேல்தோலில். நாங்கள் பிழிந்து கொட்டிய சக்கையிலேயே நிறையப் போய்விட்டது. இப்போது ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும், நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, நைசாக அரைத்துச் சலிக்காமல் வைத்துக்கொள்கிறேன். காலையில் கூழ், மத்தியானம் பருப்போடு முருங்கைக்கீரை மசியல். பாலக்கீரையிலும் கால்சியம் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதை உடம்பில் சேரவிடாது என்றார். கறுப்பு எள்ளில் கால்சியம் மிக அதிகம். ஆனால் எள்ளும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை தருமாம். அதனால் மருத்துவரைக் கேட்டு, ஒரு துளி கொடுத்துப் பார்த்த பிறகே கூழில் சேர்த்தேன். சந்தையில் நெத்திலி கிடைத்தால் முள்ளோடு வேகவைத்து நன்றாக மசித்துக் கொடுக்கிறேன். தேங்காய்ப்பால் பார்க்கத்தான் பால் மாதிரி, கால்சியம் சொற்பம்.

தாய்ப்பாலை நான் நிறுத்தவில்லை. மருத்துவர் சொன்னபடி நானும் பாலை விட்டுவிட்டு, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தைக்கு ஒரு வயதுவரை தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்தோம். அது இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியம் சரியாகச் சேராது. தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைக்குக் கூழ் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதித் தரும் தனி வகைப் பால்மாவுதான் வேண்டும். அதன் விலை ஒரு டின் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. கூலிக்குப் போகும் குடும்பம் அதை எப்படி வாங்கும்? அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் கடையில். பாக்கெட்டில் பால் கலந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டாலே போதும், தமிழ் கட்டாயமில்லை. என் மாமியாருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். "பால் உள்ளது" என்று இரண்டு சொல் தமிழில் இருந்தால், பேரனுக்கு எந்த பிஸ்கட் ஆகாது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

2023இல் எங்கள் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு தொடங்கியது. பொருள் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அதை எப்படி முளைகட்டுவது, ஏன் வடிகட்டக் கூடாது, எந்தக் கீரை உதவும், ஆட்டுப்பால் ஏன் கூடாது என்று ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, பால் ஒவ்வாமை என்று தெரிந்த அன்றைக்கே தாயின் கையில் கொடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் அந்தத் தாள் இருக்கட்டும். மாமியார், பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் படிக்கிற மாதிரி எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.