கனமான ஸ்பெயின் ஒயினுக்கு 'அறை வெப்பம்' ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மலரில் வந்த ஸ்பெயின் ஒயின் கட்டுரை, கனமான சிவப்புக் கலவைகளை 'அறை வெப்பத்தில் பரிமாறுங்கள், எந்த உணவோடும் சேரும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நம்பினால் நல்ல பாட்டில் ஒன்று வீணாகும்.

கட்டலோனியாவின் ப்ரியோராத் ஒயினையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் மிக உயர்ந்த தரத்தகுதி ரியோஹா என்ற ஒயின் பகுதிக்கும் இதற்கும் மட்டுமே உண்டு. கார்னாச்சா, கரின்யேனா என்ற இரு திராட்சைகள்தான் இதன் அடிப்படை. சிரா, கபர்னே சோவிஞோன் திராட்சைகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. கார்னாச்சா ஆல்கஹாலையும் சிவப்புப் பழ மணத்தையும் தரும். புளிப்பு, அடர்நிறம், துவர்ப்பு எல்லாம் கரின்யேனாவின் வேலை. ஆல்கஹால் அளவு 14.5 முதல் 15 விழுக்காடு, சிலவற்றில் அதற்கும் மேல். 25 டிகிரியில் ஊற்றினால் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால்தான். பழ மணம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 16 முதல் 18 டிகிரிதான் சரி. 'அறை வெப்பம்' என்ற பேச்சு குளிர்ந்த கல்வீடுகளின் காலத்தது. பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். 14 டிகிரிக்குக் கீழே போனால் துவர்ப்பு முரட்டுத்தனமாகி, கசப்பும் தலைதூக்கும்.

இளம் ஒயினை அகன்ற வாய்க் குடுவைக்கு மாற்றி ஒன்றிரண்டு மணி நேரம் காற்றுப்பட விடலாம். கார்னாச்சா மிகுந்த பழைய ஒயினை அப்படி விடக்கூடாது. அது சீக்கிரம் காற்றேறி மணமிழக்கும். வண்டலைப் பிரித்து ஊற்றினால் போதும்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். சுழற்றும் முன் ஒருமுறை, சுழற்றிய பின் ஒருமுறை முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெட்டது. காற்றுப்பட்டாலும் அது போகாது, அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதே வழி. நகப்பூச்சு நீக்கி வாடை இருந்தால் ஆவியாகும் அமிலம் கூடிவிட்டது என்று பொருள். கோப்பைச் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்து 'தரமான ஒயின்' என்று வியப்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஆல்கஹாலைத்தான் காட்டும். ஒரு வாய் பருகி, சிறிது காற்றை உள்ளிழுத்து, ஐந்து விநாடி வாயில் உருட்டுங்கள். ஈறு வறண்டால் துவர்ப்பு, எச்சில் ஊறினால் புளிப்பு, தொண்டை எரிந்தால் ஆல்கஹால். மூன்றில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் வெப்பநிலையை முதலில் சந்தேகியுங்கள்.

உணவுக்கு வருவோம். துவர்ப்பைத் தணிப்பவை புரதமும் உப்பும். கொழுப்பும் கை கொடுக்கும். காஸ்டில் பகுதியின் அடுப்பில் சுட்ட பால்குடி ஆட்டுக்குட்டி, மெல்ல வேகவைத்த மாட்டுவால், வெள்ளைப் பயறோடு வரும் பூத்திஃபாரா தொத்திறைச்சி, பல மாதம் முதிர்ந்த மான்சேகோ பாலாடைக்கட்டி ஆகியவை இதற்கு ஏற்ற ஜோடிகள். புகையூட்டிய, காரமில்லாத ஸ்பெயின் மிளகாய்த் தூளான இனிப்புப் பிமென்தோன் நன்றாகச் சேரும். அதன் கார வகையை அள்ளிப் போட்டால், காரமும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று எரியவைக்கும்.

மீனில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு, மீன் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சியைக் கிளப்பும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் இது இன்னும் மோசம். காடியில் ஊறிய எஸ்காபெச்சே உணவுகளும் கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) ஒயினின் சுவையையே திரித்துவிடும். உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான, பெயர்பெற்ற இபேரிக்கோ ஹாமோனுக்குக்கூட இந்தக் கனம் அதிகம்தான். இனிப்பில்லாத வெளிர் ஷெர்ரி ஒயினான ஃபினோவைக் குளிரவைத்துக் கொடுப்பதே அதற்கு நல்ல துணை என்பது என் கருத்து. இனிப்புப் பண்டத்தோடு குடித்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

மிச்சமானதைச் சிறிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். குடிப்பதற்கு அரை மணி முன் வெளியே எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்