கோயில் சுவரிலும் அரைப்பேரா?

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் பரிபாலன சபை ஐயாமாருக்கு,

வணக்கம். சிவனொளிபாதமலைக்கு யார் யார் எத்தனை தடவை ஏறினார்கள் என்று மண்டபச் சுவரில் எழுதிவைத்திருக்கிறீர்கள். பத்துத் தடவை ஏறியவருக்குப் பொன்னாடை, முன்வரிசை நாற்காலி. ஒரு தடவை ஏறியவர் பின்னால் நின்று கை தட்ட வேண்டும்.

எண்ணுவது அந்த மலைக்குப் புதிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். 2243 மீற்றர் உயரத்தில், உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை வந்தோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். விடியற்காலைக் குளிரில், சிங்களவரும் நம்மவரும் நெருக்கியடித்து நிற்க, யாரோ ஒரு கிழவர் இருபது முறை அடித்தால் எனக்கும் மெய் சிலிர்க்கும்.

என் அம்மா அங்கே ஒரேயொரு முறைதான் அடித்தார். அது அவருக்கு ஒன்பதாவது ஏற்றம். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் கயிற்றைப் பிடித்து மெதுவாக ஒரு இழுப்பு. பிறகு, பனியில் நனைந்திருந்த கயிற்றை அடுத்தவருக்காகச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு நகர்ந்தார். ஏனம்மா என்று கேட்டேன். "கணக்குப் பார்க்கத்தான் கங்காணி இருக்கிறாரே, சாமிக்கும் அந்த வேலையா?" என்றார்.

தோட்டத்தில் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுகிறார்கள். அந்தத் தராசுக்கு நாள் முழுக்கப் பயந்துவிட்டுக் கோயிலுக்கு வந்தால், இங்கேயும் ஒரு தராசு. ஒரு நாள் பேரை இழந்து, பஸ் காசு புரட்டி, மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய் ஒரே ஒரு தடவை ஏறியவளின் பாடு சுவருக்குத் தெரியுமா? வான் வைத்திருப்பவர் ஒரே பருவத்தில் மூன்று தடவை போய்வருகிறார். போகட்டும், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஏறினால் புண்ணியம் சேராது என்றும் நான் சொல்லவில்லை. அதற்குப் பேரேடு எழுதும் வேலையைச் சபைக்கு யார் கொடுத்தது என்றுதான் கேட்கிறேன்.

அப்பர் கயிலைக்குப் போகக் கால் தேய நடந்தார், கை தேயத் தவழ்ந்தார், கடைசியில் உருண்டும் போனார். போய்ச் சேரவில்லை. சிவன் அவரைப் பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்தார். இதைக் குருபூசையில் நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் சுவரில் அவர் பெயர் ஏறாது. ஒரு தடவைகூட ஏறி முடிக்கவில்லையே!

பொன்னாடைக் காசை முழங்கால் போன கிழவிகளுக்கு வான் கூலியாகக் கொடுங்கள். அடிவாரத்தில் நின்று, உச்சி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டு வரட்டும். தைப்பொங்கலுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரையும் சேர்த்து அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
மேல் டிவிசன் லயத்திலிருந்து ஒருத்தி