செஞ்ச கைகளையும் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பழைய பிரிட்டிஷ் வேட்டை ரைஃபிள்னாலே எல்லாரும் புலிக்கதை, யானைக்கதைக்குப் போயிடுறாங்க, அதைச் செஞ்ச கைகளைப் பத்தி யாருமே பேசுறதில்ல, அதான் என் வருத்தம். கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏத்துற, 1898ல வந்த ஜெர்மன் மவுசர் போல்ட் ஆக்‌ஷனை வச்சுத்தான் லண்டன் ரிக்பி கம்பெனி ரைஃபிள் கட்டுச்சு, 1907ல ஆட்கொல்லிப் புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக் கெடச்ச பாயிண்ட் 275 (குழல் அளவு, அங்குலத்துல) ரைஃபிள் கூட அந்த வகைதான். துப்பாக்கியோட வால்நட் மரக்கட்டையில இரும்புப் பாகத்தைப் பதிக்கிறப்ப அந்த இரும்புல விளக்குப் புகைக்கரி தடவி அமுக்கி எடுப்பாங்க, கரி ஒட்டுன இடத்தை மட்டும் உளியால துளித்துளியாச் சீவணும், திரும்ப அமுக்கணும், திரும்பச் சீவணும், நடுவுல ஒரு தலைமுடிகூட நுழையாத வரைக்கும். அப்புறம் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையாலயே வாரக்கணக்குல தேய்ப்பாங்க. மியூசியத்துல சுட்டவர் பேரோட செஞ்சவர் பேரையும் போடச் சொல்லி எழுதுங்க சார்.