மென்னிறகுப் பெட்டிக்குள் சேவல் இறகு: ஒரு புகார்க் கடிதம்

கிளிநொச்சி

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: “ஆரம்பப் பழகுநருக்கான சொஃப்ட் ஹக்கிள் ஃப்ளை கட்டும் பெட்டி” தொடர்பான முறைப்பாடு

ஐயா / அம்மணி,

மேற்படி பெட்டியை உங்கள் இணையக் கடையில் 18,500 ரூபாவுக்கு வாங்கினேன். ஃப்ளை என்பது மீன் பூச்சியென்று ஏமாறும்படி தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டுவது. சொஃப்ட் ஹக்கிள் என்றால் அதில் சுற்றுகிற மென்மையான இறகு. பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. தொலைபேசியில் கதைத்தும் வட்ஸ்அப்பில் எழுதியும் பலன் கிடைக்காததால் இப்போது கடிதமாகவே தருகிறேன்.

முறைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பெயரில் இருக்கிற பொருள் பெட்டிக்குள் இல்லை.

உங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தது இது: பாட்ரிட்ஜ் பறவையின் மென்மையான இறகு, செம்மஞ்சள் பட்டு நூல், 14ஆம் இலக்கத் தூண்டில் முள். பாட்ரிட்ஜ் என்பது ஐரோப்பாவில் இருக்கிற, நம் கவுதாரிக்கு உறவான பறவை. முதுகில் பழுப்பும் நெஞ்சில் சாம்பலுமாகப் புள்ளி விழுந்த இறகு அதற்கு. வந்த பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே சேவலின் கழுத்து இறகு. பொட்டலத்தின் மேல் பாட்ரிட்ஜ் என்று சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது. வன்னியில் கோழி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறீர்கள். சேவலின் கழுத்து இறகு ஒடுங்கி, நுனி கூராகி, மினுமினுவென்று இருக்கும். மயிர்கள் விறைத்து நிற்கும். பேட்டுக்கோழியின் இறகு அகலமானது, நுனி உருண்டது, மினுக்கம் இல்லாதது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளையிடம் இரண்டையும் நீட்டினால் பிரித்துச் சொல்லும்.

இறகு எதுவானால் என்ன என்று உங்கள் பிரிவில் யாராவது கேட்கக்கூடும், ஏனென்றால் தொலைபேசியில் அப்படித்தான் கேட்டார்கள். தண்ணீருக்கு மேலே மிதக்க வேண்டிய ட்ரை ஃப்ளைக்கு விறைத்த சேவல் இறகு பொருத்தம். அந்த மயிர்கள் நீர்ப்பரப்பில் ஊன்றி அதைத் தாங்கிப் பிடிக்கும். சொஃப்ட் ஹக்கிள் தண்ணீருக்குள் இறங்கிப் போவது. ஓட்டம் தள்ளும்போது மயிர்கள் பின்னுக்கு மடிய வேண்டும், ஓட்டம் தளர்ந்ததும் திரும்ப விரிய வேண்டும். அடியிலிருந்து மேலே எழும்புகிற பூச்சி என்று மீன் ஏமாறுவது அந்த அசைவில்தான். முள்ளின் உடம்புக்கு நூல், தலைப்பக்கம் இரண்டு சுற்று இறகு, இவ்வளவுதான் முழு ஃப்ளையும். ஸ்டூவார்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1857இலேயே ஃப்ளைக்கு மெல்லிய இறகுதான் வேண்டும், அதுவும் கொஞ்சமாகப் போதும் என்று எழுதிவைத்தார். இருக்கிறதே இரண்டு பொருள், அதில் ஒன்றை மாற்றிப் போட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் யோக்‌ஷயர் பக்கம் இருக்கிற என் சித்தப்பாவின் மகன், ‘பாட்ரிட்ஜ் அன்ட் ஒரேஞ்ச்’ என்கிற ஃப்ளை ஒன்றை மாதிரிக்கு அனுப்பியிருந்தான். அந்த ஊர் ஆறுகளில் பரம்பரையாகக் கட்டிவருகிற வகை அது. கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் எடுத்து, அதையும் உங்கள் இறகில் நான் கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் நூலில் தொங்கவிட்டு மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். அவன் அனுப்பியதன் மயிர்கள் இழுக்கும்போது உடம்போடு ஒட்டின, விட்டவுடன் குடையாக விரிந்தன. உங்களுடையது எப்படி இழுத்தாலும் அசையாமல் விறைத்து நின்றது. இந்தக் காணொளியை உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

அப்புறம் நூல். இந்த விஷயத்தில் நீங்கள் ஆள் தெரியாமல் மாட்டிக்கொண்டீர்கள். நான் தையற்காரன், நூல் எனக்குச் சோறு போடுகிறது. பட்டு என்று சீட்டு ஒட்டிய உங்கள் நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி நெருப்புக்குச்சியில் பிடித்தேன். பட்டு என்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். உங்கள் நூல் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் அழுத்தியும் உடையவில்லை. அது பொலியெஸ்டர். புடவைக் கடையில் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேருக்கு நான் இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருக்கிறேன். பொலியெஸ்டரில் ஃப்ளை கட்டலாம், அது குற்றமில்லை, நிறையப் பேர் கட்டுகிறார்கள். ஆனால் இந்த வகையில் பட்டைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மெழுகு தடவிய செம்மஞ்சள் பட்டு நனைந்ததும் நிறம் இருண்டு பழுப்பாகி, பூச்சியின் உடம்பு நிறத்துக்கு வரும். உங்கள் நூல் எவ்வளவு நனைந்தாலும் பொட்டலத்திலிருந்து எடுத்தபோது இருந்த அதே நிறம்தான். மெழுகு பெட்டியில் இல்லவே இல்லை.

நூற்கட்டையைப் பிடித்து, மெல்லிய குழாய் வழியாக நூலை விடுகிற பொபின்தான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. முள்ளில் நூலைச் சுற்றத் தொடங்கிச் சில சுற்றிலேயே நூல் அறுந்துவிடும். திரும்பக் கோர்த்தால் திரும்ப அறும். புதிதாகப் பழகுகிற ஒருவர் என்ன நினைப்பார்? தான் பலமாக இழுக்கிறேன், எனக்குக் கை பழகவில்லை என்றுதான் நினைப்பார். தையல் மெஷினில் நூல் அறுந்தால் நாங்கள் முதலில் ஊசியின் காதைத்தான் பார்ப்போம். அதே பழக்கத்தில் பொபின் குழாயின் வாயில் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்தேன், நார் மாட்டி இழுபட்டது. உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் குழாயை வெட்டின இடத்தில் பிசிர் அப்படியே நிற்கிறது, ஒரு தடவைகூட அரம் பட்டதாகத் தெரியவில்லை.

ஆரம்பப் பழகுநருக்கு என்று எழுதி விற்கிற பெட்டியில் இந்தப் பிழைகள் இருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். தெரிந்தவர் கையில் போனால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். தெரியாதவர் தன் கையையே திட்டிக்கொண்டு, சாமானை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, இது எனக்குச் சரிவராது என்று விட்டுவிடுவார். அவர் உங்களுக்கு முறைப்பாடு எழுதமாட்டார். முறைப்பாடு வராததால் உங்களுக்கும் பொருள் நல்ல பொருளாகத் தெரியும்.

என் கையில் பிழை இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. வீட்டில் கோழி உரித்த அன்று பேட்டுக்கோழியின் கழுத்து இறகில் கொஞ்சம் எடுத்துக் கழுவிக் காயவைத்தேன். அடிப்பஞ்சை உரித்துவிட்டு, தையல் கடைப் பட்டு நூலோடு, உங்கள் பொபினைத் தொடாமல் கையாலேயே சுற்றிக் கட்டினேன். கண்ணாடிக் குவளையில் அது சித்தப்பா மகனுடையதைப் போலவே மடிந்து விரிந்தது. மருமகன் அதை வாய்க்காலில் போட்டுக் கெண்டை பிடித்துக்கொண்டு வந்தான். 18,500 ரூபாப் பெட்டி செய்யாததை எங்கள் வீட்டுக் குழம்புக்கோழி செய்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 14 என்று எழுதிய முட்கள் 14 அல்ல, மாதிரி ஃப்ளையின் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தையல் மெஷின் ஊசியில் இலக்கம் கூடினால் ஊசி தடிக்கும், தூண்டிலில் இலக்கம் கூடினால் முள் சிறுக்கும். பெட்டி கட்டினவருக்கு அது தெரியாமல் போயிருக்கலாம். செய்முறைத் தாள் ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் இருக்கிறது, படம் ட்ரை ஃப்ளையுடையது, இறகை நெருக்கிப் பல சுற்றுச் சுற்றக் காட்டுகிறது. கத்தரிக்கோல் நல்லது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவோம் என்று விளம்பரத்தில் இருந்தது. கூரியர்காரர் ஏ9 வீதியில் ஒரு கடை வாசலில் நின்று கோல் எடுத்து, வந்து எடுங்கள் என்றார். காசு கொடுக்க முன் பெட்டியைத் திறக்கவும் விடவில்லை. சரி, அது அவருக்கு இட்ட கட்டளை, அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

உங்கள் தொலைபேசிப் பிரிவைப் பற்றி எழுதாமல் விட முடியாது. தமிழ் தெரிந்த தம்பி ஒருவர் கடைசியில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணா, உங்கட பக்கம் ட்ரவுட் மீனே இல்லையே, இது எதுக்கு உங்களுக்கு?” என்றார். ட்ரவுட் இல்லைதான். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட அந்த மீன் ஹோர்ட்டன் சமவெளி போன்ற குளிர்ந்த மலைநாட்டு ஓடைகளில்தான் பிழைக்கும். ஆனால் இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் இருக்கிற நாட்டில் மீன் இல்லையா? கெண்டை இருக்கிறது. 1952இல் இலங்கைக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா குளத்துக்குக் குளம் இருக்கிறது. எந்த மீனுக்குக் கட்டுகிறேன் என்பது என் பாடு. விற்ற பொருள் சொன்ன பொருளா என்பதுதான் உங்கள் பாடு.

அதற்குப் பிறகு அவர் சொன்னது இன்னும் மோசம். “காட்டுப் பக்கம் கவுதாரி இருக்கும்தானே, ரெண்டைப் பிடிச்சு இறகு எடுங்கோவன்.” 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. காட்டுப் பறவையைப் பிடித்து வழக்கில் மாட்டினால் பிணை எடுக்க அந்தத் தம்பி வருவாரா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறகுக்காகக் காட்டுக்குள் இறங்கு என்று வன்னியில் இருக்கிறவனுக்குச் சொல்லக்கூடாது. மண்டையோட்டுப் பலகையும் கண்ணிவெடியும் என்ன என்று கொழும்பில் இருந்து படிக்கத் தேவையில்லாதவர்கள் நாங்கள். தம்பி வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது முழுப் பணம். பெட்டி திருப்பி வருகிற கூரியர் செலவும் உங்களுடையது. அல்லது சொன்ன இறகு, சொன்ன நூல், சொன்ன அளவு முள், பிசிர் இல்லாத பொபின் ஆகியவற்றை அனுப்பிவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சம்மதம், ஏனென்றால் இதைப் பழகும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. பாட்ரிட்ஜ் இறகு கிடைக்காவிட்டால் பேட்டுக்கோழி இறகு வைத்து, பேட்டுக்கோழி இறகு என்றே எழுதி விற்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், விலையும் குறையும். எப்படியானாலும் விளம்பரத்தைத் திருத்தும்வரை இந்தப் பெட்டியை விற்பனையிலிருந்து எடுங்கள்.

“விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது” என்று பற்றுச்சீட்டின் அடியில் அச்சடித்திருக்கிறீர்கள். மனம் மாறித் திருப்புகிறவருக்கு அதைக் காட்டுங்கள். நான் கேட்ட பொருளை நீங்கள் இன்னும் விற்கவே இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் தமிழில், எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதத்தின் பிரதி போகும். வாங்கி மூன்று மாதத்துக்குள் அங்கே முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் பற்றுச்சீட்டில் உள்ளன)

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, விளம்பரத்தின் படம், பொட்டலத்துச் சீட்டோடு சேவல் இறகு ஒன்று, எரித்த நூலின் நுனி, சிறு பையில்.