கரண்ட் ஆட்டோவும் அம்மாவின் ஈ.பி.எப். காசும்

ஹட்டன்
2025 ஆகஸ்ட்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கோத்தகிரியில் உன் மகள் பேட்டரி ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று பின்னேரமே நம் பழைய தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பையன் ஒருவன் கையில் விளம்பரக் கடதாசியோடு வந்து நின்றான். கரண்ட் ஆட்டோ! "மாமா, நீங்க இருபத்தேழு வருசம் லீசிங் கம்பெனில இருந்தவரு. இதை எடுக்கலாமா, சொல்லுங்க" என்றான்.

சரி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர், நுவரெலியா சுமார் 1,870. ஆளும் வண்டியுமாக 600 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஒரு யூனிட் கரண்ட் வேண்டும். தூரம் ஓடுவதற்கு ஆவது தனி. இறங்கும்போது மோட்டரே பிரேக் பிடித்துக் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். பெற்றோல் செலவோடு பார்த்தால் இதெல்லாம் தூசு. அவனுக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. 2022இல் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் ஷெட் வரிசையில் ராத்திரி முழுக்க வண்டிக்குள் சுருண்டு கிடந்தவன். கியூ.ஆர். கோட் காட்டிப் பெற்றோல் பங்கிடும் முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீட்டர் கொடுத்தார்கள். நம் ஏற்றத்துக்கு அது இரண்டு நாளுக்கும் காணாது.

வண்டி நல்ல வண்டிதான். ஆனால் வண்டிக்குத் தவணைக் கடன் கொடுக்கும் லீசிங்காரனுக்கு வேறு கவலை. மூன்று வருடம் கழித்துத் தவணை கட்டாமல் வண்டியைப் பறிக்க நேர்ந்தால் என்ன விலைக்குப் போகும் என்றுதான் அவன் பார்ப்பான். தோட்டத்து ஆளிடம் ஈடு வைக்க வீட்டு உறுதி இல்லை, லயம் கம்பெனியுடையது. ஆகவே வண்டியேதான் பிணை. பெற்றோல் ஆட்டோவில் எங்களுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, இந்த வருடம் பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடும்வரை பழைய வண்டிகள் வாங்கிய விலைக்கு மேலேயே விற்றன.

பேட்டரி அப்படியில்லை. 2010இல் ஒரு கிலோவாட் மணிக்கு 1,000 டொலருக்கு மேல் இருந்த லிதியம் பேட்டரி, 2024இல் உலகச் சராசரியாக 115 டொலருக்கு வந்துவிட்டது. உலகத்துக்கு நல்ல செய்தி, கடன் கொடுத்தவனுக்கு வயிற்றில் புளி. புதுசே மலிந்துகொண்டு போகும்போது பழையதை யார் வாங்குவார்கள்? அதனால் முற்பணம் கூடக் கேட்பான், தவணையைச் சுருக்குவான், வட்டியை ஏற்றுவான். பெற்றோலில் மிச்சம் பிடித்ததை வட்டி தின்றுவிடும். பேட்டரியைத் தனியே வாடகைக்கு விட்டு, வண்டிக்கு மட்டும் லீசிங் போட்டால் பாதிப் பயம் போகும் என்பது என் எண்ணம். உங்கள் பக்கம் பேட்டரி மாற்றித் தரும் இடங்கள் வந்துவிட்டன; இங்கே மலையில் எப்போதோ.

முற்பணம் எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அடுத்த மாதம் வேலையிலிருந்து நிற்கிறாராம். அவருடைய ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு.

மச்சான், 2017இல் ஆட்டோ விலையில் கால்வாசிக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்று மத்திய வங்கி வைத்தபோதும் இந்தக் காசுதான் வந்தது. கொழுந்து பறித்துச் சேர்த்ததை மகனின் வண்டிக்குக் கொட்டிய எத்தனையோ தாய்மாரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். சிலருடைய வண்டியை நானே போய்ப் பறித்தும் இருக்கிறேன். இதை உனக்கு எழுதியதில்லை. ஒரு தடவை டிக்கோயா பக்கம், விடிவதற்கு முன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறோம். அந்த அம்மா ஓடிவந்தார். அழுவார், ஏசுவார் என்று நின்றேன். பின் சீட்டில் கிடந்த குடையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மழைக்காலம் அது.

அப்புறம் சார்ஜ் போடுகிற கதை. ரோட்டிலிருந்து லயத்துக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்று உனக்கு மறந்திருக்காது. வண்டி மேலே கோயிலடியில், பிளக் கீழே வீட்டில். விளம்பரக் கடதாசியிலோ அழகான கராஜ் படம்! காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கத் தண்ணீரெல்லாம் நம் காலடியில்தான் கரண்டாகிறது. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா டவுனையே மூழ்கடித்தார்கள்; வரட்சியில் பழைய கோயில் இன்றும் தலை காட்டுகிறது. அந்தக் கரண்டுக்கு நம் படி ஏறத்தான் தெரியவில்லை.

எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோயில் மீட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து சப் மீட்டர் போடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கமிட்டியிடம் கேட்கப் போகிறோம். நீ ஒன்று செய். உன் மகளின் ஸ்கூட்டர் கோத்தகிரி ஏற்றத்தில், குளிர்காலத்தில், ஒரு சார்ஜுக்கு உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டு எழுது. விளம்பரத்தில் போட்டிருப்பது வேண்டாம். அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு அது கிடைக்க வேண்டும்.

உன்,
வேலு